முழங்காலில் எந்த ஜவ்வு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கத்தில் கபடி வீரருக்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். நலவாழ்வுப் பக்கத்தில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஜவ்வு தேய்ந்துவிடும் என்று எழுதுகிறீர்கள். மருத்துவக் கேள்வி பதிலில், எம்.ஆர்.ஐ. அறிக்கையை வைத்துக்கொண்டு விளக்கம் கேட்கும் வாசகருக்கும் ‘உங்கள் ஜவ்வில் கிழிசல் இருக்கிறது’ என்றே பதில் வருகிறது. இந்த மூன்று ஜவ்வும் மூன்று வெவ்வேறு உறுப்புகள். கபடி வீரருக்கு அறுந்தது பெரும்பாலும் எலும்பையும் எலும்பையும் கட்டி நிறுத்தும் பிணைநார். முதியவருக்குத் தேய்ந்தது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்வது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற தனி உறுப்பை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, ஓய்வெடுக்க வேண்டிய காலம் வேறு, ஆகும் செலவும் வேறு.

பேச்சு வழக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வலியோடு வருகிறவர் ‘ஜவ்வு போயிடுச்சு’ என்றுதான் சொல்வார், சொல்லட்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் மருத்துவரும் அவசரத்தில் அதே சொல்லைச் சொல்லித்தான் அனுப்புகிறார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கும் நாளிதழ் பெயரைப் பிரித்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதிலும் மெனிஸ்கஸ் என்ற உறுப்பு ஜவ்வு என்ற சொல்லுக்குள் அடியோடு மறைந்துபோய்விட்டது. எனவே அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

சவ்வு நல்ல தமிழ்ச் சொல். பள்ளியில் செல் சவ்வு, சவ்வூடு பரவல் என்று படிக்கிறோம். செவிப்பறையைக் காது ஜவ்வு என்கிறோம். மெல்லிய ஏடாக நின்று ஒரு பக்கத்தை மறுபக்கத்திலிருந்து பிரிப்பது எதுவோ அது சவ்வு. அந்தப் பொருளில் முழங்காலுக்குள்ளும் ஒரு சவ்வு உண்டு. மூட்டுப்பையின் உட்புறத்தில் ஒட்டியிருந்து மூட்டுக்கு வேண்டிய வழுவழுப்பான நீரைச் சுரக்கும் சைனோவியல் சவ்வு அது. முடக்குவாதத்தில் வீங்கித் தடிப்பதும் அதுதான். ஆனால் முழங்கால் ஜவ்வு என்று மக்கள் சொல்லும்போது இதைக் குறிப்பதே இல்லை. ஜவ்வு மிட்டாய், ஜவ்வாக இழுப்பது என்ற வழக்குகள் வேறு சேர்ந்துகொண்டு, இழுபட்டு நீளும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டன. ‘ஜவ்வு விலகியிருக்கு, எண்ணெய் போட்டு உருவி இழுத்துவிட்டா உக்காந்துடும்’ என்ற யோசனை அங்கிருந்துதான் பிறக்கிறது. கிழிந்த மெனிஸ்கஸ் மூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் காலை அப்படிப் பிடித்து இழுத்தால் சின்னக் கிழிசல் பெரிய கிழிசலாகிவிடும்.

மெனிஸ்கஸ் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மேனே என்றால் கிரேக்கத்தில் நிலவு. அதன் குறுமை வடிவம் மேனிஸ்கோஸ், அதாவது சிறு நிலவு, பிறை. மேனேயோடு ஒட்டிய இன்னொரு சொல்லான மேன் என்பதற்கு மாதம் என்று பொருள். நிலவையும் மாதத்தையும் திங்கள் என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டுக்குள் நீர்மட்டம் நடுவில் குழிந்து ஓரங்களில் ஏறி நிற்கிறதே, அந்த வளைவுக்கும் மெனிஸ்கஸ் என்றுதான் பெயர். காரணமும் அதே பிறை வடிவம்தான். பழைய ஆங்கில உடற்கூறியல் நூல்கள் முழங்கால் உறுப்பை அரைநிலாக் குருத்தெலும்பு என்ற பொருள்படும் பெயரால் அழைத்தன. 1998இல் வெளியான பன்னாட்டு உடற்கூறியல் சொற்பட்டியல் மெனிஸ்கஸ் என்பதையே வைத்திருக்கிறது. பழைய பெயரிலும் புதிய பெயரிலும் இருப்பது நிலவுதான்.

ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு பிறைகள் உண்டு. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. உள்பக்கப் பிறை உண்மையாகவே மூன்றாம் பிறைபோல அகலமாகத் திறந்திருக்கும். வெளிப்பக்கத்தது கிட்டத்தட்ட வட்டமாக மூடிக்கொண்டிருக்கும். சிலருக்கு வெளிப்பக்கப் பிறை நடுவில் திறப்பே இல்லாமல் முழுத்தட்டாக அமைந்துவிடுவதும் உண்டு. ஜப்பானிலும் கொரியாவிலும் இது மற்ற இடங்களைவிட அதிகம் காணப்படுகிறது. குழந்தை நடக்கும்போது முழங்காலில் ‘டக்’ என்று சத்தம் வந்தால் மருத்துவர்கள் இதையும் யோசிப்பார்கள். எல்லாக் கருவிலும் இது முதலில் தட்டாக இருந்து பிறகு பிறையாகத் தேய்கிறது என்றுகூட ஒரு காலத்தில் நம்பினார்கள். கருவளர்ச்சியைப் பார்த்த பிறகு அந்தக் கருத்து கைவிடப்பட்டது. கருவிலேயே அது பிறை வடிவில்தான் உருவாகிறது.

அது அங்கே என்ன செய்கிறது? தொடை எலும்பின் கீழ்முனை இரண்டு உருண்டைகளாக இருக்கும். கீழ்க்கால் எலும்பின் மேல்முனை ஏறக்குறையத் தட்டையானது. உருண்டை அடியுள்ள மண்பானையைத் தரையில் வைத்தால் உருளும். பிரிமணைமேல் வைத்தால் அசையாமல் நிற்கும். மெனிஸ்கஸ் முழங்காலின் பிரிமணை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது முக்கோண வடிவில், வெளிவிளிம்பில் 4 முதல் 5 மில்லிமீட்டர் தடித்து, உள்விளிம்பில் தாள்போல மெலிந்திருக்கும். உருண்டைக்கும் தட்டைக்கும் நடுவில் விழும் இடைவெளியை அந்த முக்கோணம் நிரப்புகிறது. எடை ஒரு புள்ளியில் குவியாமல் பரவலாக இறங்க இதுவே காரணம். கால் நீட்டியிருக்கும்போது மூட்டில் இறங்கும் பளுவில் ஏறத்தாழப் பாதியையும், 90 பாகை மடங்கியிருக்கும்போது சுமார் 85 விழுக்காட்டையும் பிறைகள் கடத்துகின்றன. சம்மணம் போட்டும் குந்தியும் உட்காருகிற நம் மக்களுக்கு இந்த இரண்டாவது எண் முக்கியமானது. குந்தி எழும்போது சுருக்கென்று குத்துவது ஏன் என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

பிறைகள் ஆணியடித்ததுபோல ஓரிடத்தில் நிற்பவை அல்ல. கால் மடங்கும்போது பின்னோக்கி நகரும், நீளும்போது முன்னோக்கி வரும். வெளிப்பக்கப் பிறை சுமார் 11 மில்லிமீட்டர் நகர்கிறது. உள்பக்கத்தது அதில் பாதிதான், சுமார் 5 மில்லிமீட்டர். காரணம், உள்பக்கப் பிறை மூட்டின் உள்பக்கப் பிணைநாரோடு இறுக ஒட்டியிருக்கிறது. நகர இடமில்லாததால் காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்பும்போது அது எலும்புகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்கிறது. வயதாக ஆக ஏற்படும் கிழிசல்களில் பெரும்பாலானவை உள்பக்கப் பிறையில், அதிலும் அதன் பின்கொம்பில் இருப்பதற்கு இதுவே காரணம். கொம்பு என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பிறையின் இரு முனைகளையும் மருத்துவ நூல்கள் முன்கொம்பு, பின்கொம்பு என்றே அழைக்கின்றன. ஸ்கேன் அறிக்கைகளில் பி.எச்.எம்.எம். என்று நான்கு எழுத்து போட்டிருப்பார்கள்; உள்பக்கப் பிறையின் பின்கொம்பு என்பதன் சுருக்கம் அது. அந்த நான்கு எழுத்தைப் பார்த்துப் பதறிப்போகிறவர்கள் பலர். பிறை என்ற பொருளை ஒருமுறை சொல்லிவிட்டால் கொம்பு எங்கே வந்தது என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

இந்த உறுப்பு பயனற்றது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நினைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட் சட்டன் இதைக் கால்தசை ஒன்றின் பயனற்ற மிச்சம் என்றே எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1883இல், எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பிரிந்து கழன்றிருந்த பிறையைத் தைத்து ஒட்டியிருந்தார். ஆனால் அந்த வழியை மற்றவர்கள் பின்பற்றவில்லை. கிழிந்தால் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவதே பல பத்தாண்டுகளுக்கு வழக்கமாக இருந்தது. 1936இல் டான் கிங் நாய்களில் செய்த சோதனைகளில், வெளிவிளிம்பை எட்டும் கிழிசல் தானாக ஆறும் என்று காட்டினார். 1948இல் ஃபேர்பேங்க், பிறையை முழுதும் எடுத்துவிட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களை வைத்து, எலும்பிடைவெளி குறுகுவதையும் எலும்பு விளிம்பு மேடிடுவதையும் தொடை எலும்பின் உருண்டை தட்டையாவதையும் விவரித்தார். 1962இல் டோக்கியோவில் மசாக்கி வாத்தனபே, உள்நோக்கிக் கருவி வழியாகக் கிழிந்த பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்தார். இன்று முழங்கால் பக்கத்தில் இரண்டு சிறு துளை போட்டுச் செய்கிறார்களே, அதன் தொடக்கம் அது. இப்போதைய நெறி, முடிந்தவரை பிறையைக் காப்பாற்ற வேண்டும், எடுத்தே ஆகவேண்டும் என்றால் குறைந்த அளவே எடுக்க வேண்டும் என்பது.

காப்பாற்ற முடியுமா என்பதைத் தீர்மானிப்பது இரத்த ஓட்டம். பெரியவர்களின் பிறையில் வெளிவிளிம்பை ஒட்டிய 10 முதல் 30 விழுக்காடு அகலத்துக்குள் மட்டுமே இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியைச் சிவப்பு வட்டாரம் என்பார்கள். உள்விளிம்பு வெள்ளை வட்டாரம்; அதற்கு மூட்டுநீரிலிருந்துதான் சத்து கசிந்து வரவேண்டும். சிவப்பு வட்டாரத்தில் நீளவாக்கில் விழுந்த புதிய கிழிசல், அதுவும் இளவயதில் என்றால், தைத்தால் ஆறும் வாய்ப்பு நன்றாக உண்டு. வெள்ளை வட்டாரத்தில் நைந்துபோன கிழிசல் தைத்தாலும் பெரும்பாலும் ஒட்டாது. ‘ஜவ்வு ஆபரேஷன்’ என்று எழுதும்போது தைத்தார்களா, கத்தரித்தார்களா என்பது தெரியாமலே போகிறது. கத்தரித்தவர் ஓரிரு நாளில் ஊன்றி நடப்பார், சில வாரங்களில் வேலைக்குப் போவார். தைத்தவருக்கு முதல் 4 முதல் 6 வாரம் 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று பல அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். குந்துவதற்குப் பல மாதம் தடை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் எழுந்து நடந்தார் என்பதைக் கேட்டு, தையல் போட்ட காலோடு இந்தியக் கழிப்பறையில் குந்தி உட்கார்ந்தால் தையல் பிரிந்துவிடும்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைக்கலாம்? முழங்காலைச் சுற்றி நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முழங்கால், முழந்தாள், முட்டி என்று மூட்டுக்கே மூன்று பெயர். முழம், முழங்கை, முழங்கால் மூன்றும் ஒரு குடும்பம். மூட்டு பிசகினால் ‘முழி பிசகிடுச்சு’ என்று இன்றும் கிராமத்தில் சொல்வதில் உள்ள முழியும் மூட்டைக் குறிக்கும் பழஞ்சொல்லே. வடமொழியில் முழங்காலுக்கு ஜானு என்று பெயர்; முழங்கால்வரை நீண்ட கையுடையவன் ஆஜானுபாகு. கிரேக்கத்தின் கொனு, இலத்தீனின் கெனு, ஆங்கிலத்தின் நீ எல்லாம் அந்த ஜானுவுக்கு உறவு. முன்பக்கம் தொட்டால் தட்டுப்படும் எலும்பை மருத்துவத்தில் பட்டெல்லா என்பார்கள். இலத்தீனில் சிறு தட்டு என்று பொருள். நாம் சில்லு என்கிறோம். பாண்டி ஆடும்போது எறிகிற ஓட்டுச்சில்லுதான். மலையாளத்தில் முட்டுச்சிரட்டை என்பார்கள்; சிரட்டை என்றால் கொட்டாங்குச்சி. மூன்று மொழியிலும் வீட்டுப் புழக்கத்தில் இருந்த பொருளே எலும்புக்குப் பெயராகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறியல் நூல்களைத் தமிழாக்கியபோதும் இப்படிப் புழக்கத்திலிருக்கும் சொற்களும் தேவைப்பட்டன, புதிய சொற்களும் தேவைப்பட்டன.

மெனிஸ்கஸுக்குப் பிறைக்குருத்து என்று எழுதலாம் என்பது என் கருத்து. பிறை வடிவத்தைச் சொல்கிறது, குருத்து எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது. குருத்தெலும்பு என்ற சொல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இலங்கைத் தமிழில் கசியிழையம் என்பார்கள். குருத்தெலும்பு என்பதைச் சுருக்கிக் குருத்து என்றால் இழுபடும் சவ்வு என்ற எண்ணம் தானாகவே போய்விடும். முதல் முறை வரும்போது பிறைக்குருத்து எனப்படும் மெனிஸ்கஸ் என்று இரண்டையும் சேர்த்து எழுதினால், வாசகர் கையிலுள்ள அறிக்கையோடு பொருத்திப் பார்க்கவும் முடியும். இதே போல லிகமெண்டுக்குப் பிணைநார் என்று எழுதினால் நல்லது. தசைநார் என்று எழுதுவதால் அது தசையின் பகுதி என்ற குழப்பம் வருகிறது. அது எலும்போடு எலும்பைப் பிணைப்பது, தசைக்கு அதில் வேலையில்லை. மூட்டின் நடுவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரண்டு பிணைநார்கள் உள்ளன. சிலுவைபோல் கடப்பதால் சிலுவைப் பிணைநார்கள் என்று பெயர். கீழ்க்கால் எலும்பில் முன்பக்கம் பிடித்திருப்பது முன் சிலுவை, பின்பக்கம் பிடித்திருப்பது பின் சிலுவை. ஏ.சி.எல். என்று விளையாட்டுச் செய்திகளில் வருவது முன் சிலுவைப் பிணைநார்.

இவை அனைத்தையும் கண்ணால் பார்த்துவிட்டால் பெயர் மறக்காது. அறிவியல் ஆசிரியர்களுக்காக ஒரு செய்முறையைச் சொல்கிறேன். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்கால் முட்டியை, மேலும் கீழும் 10 சென்டிமீட்டர் எலும்போடு, வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்க வேண்டும். முன்னங்கால் உதவாது. ஆட்டின் முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. சூப்புக்கு விற்கும் கால்துண்டிலும் இந்த மூட்டு இருக்காது. கையுறை போட்டுக்கொண்டு, கூரான சிறு கத்தியால் சில்லுக்குக் கீழே உள்ள தடித்த நாணைக் குறுக்கே அறுத்து, சில்லை மேல்நோக்கிப் புரட்ட வேண்டும். மஞ்சளாக ஒரு கொழுப்புத் திண்டு மறைக்கும். அதை எடுத்துவிட வேண்டும். இப்போது தொடை எலும்பின் இரண்டு உருண்டைகள் பளபளவென்று வெள்ளையாகத் தெரியும். அந்த வெண்பூச்சுதான் வயதானவர்களுக்குத் தேய்கிற குருத்தெலும்பு. காலை நன்றாக மடக்கினால் உருண்டைகளுக்கு நடுவில் வெள்ளை நார்க்கற்றை ஒன்று தெரியும். அது முன் சிலுவை. அதை அறுக்கும் முன் கீழ்க்கால் எலும்பைப் பிடித்து முன்னோக்கி இழுத்தால் அசையாது. அறுத்துவிட்டு இழுத்தால் சில மில்லிமீட்டர் முன்னே வழுக்கிக்கொண்டு வரும். மருத்துவர் நோயாளியைப் படுக்கவைத்துக் காலை இழுத்துப் பார்ப்பது இந்த வழுக்கலைத்தான். பிறகு பின் சிலுவையையும் இரு பக்கப் பிணைநார்களையும் பின்புற மூட்டுப்பையையும் அறுத்தால் தொடை எலும்பு தனியே வந்துவிடும். கீழ்க்கால் எலும்பின்மேல் இரண்டு வெண்பிறைகள் படிந்திருக்கும். இடுக்கியால் உள்விளிம்பைத் தூக்கினால் தூக்கலாம், வெளிவிளிம்பு எழாது. பிறை எங்கே தடித்திருக்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது எல்லாம் விரலுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். மூட்டைத் திறந்து வெயிலிலோ மின்விசிறிக்கடியிலோ வைத்தால் குருத்து காய்ந்து மஞ்சளித்துச் சுருங்கிவிடும். உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவைக்க வேண்டும். வேகவைத்த மூட்டில் இதைச் செய்யவே முடியாது. நார்களில் உள்ள கொலாஜன் என்ற புரதம் வெந்நீரில் கரைந்து பசையாகிவிடும்.

கொலாஜன் என்றதும் விளம்பரங்கள் நினைவுக்கு வருகின்றன. ஜவ்வை வளர்க்கும் மாத்திரை, ஜவ்வை ஒட்டவைக்கும் தைலம் என்று உங்கள் இதழிலும் மற்ற இதழ்களிலும் கட்டம் கட்டி வருகின்றன. எந்த ஜவ்வு என்று கேட்டால் அந்த விளம்பரத்தால் பதில் சொல்ல முடியாது. தேய்ந்த குருத்தெலும்பைத் தைலம் வளர்க்காது, அறுந்த முன் சிலுவையை மாத்திரை ஒட்டாது. சாப்பிடும் கொலாஜனைக் குடல் சிறு துண்டுகளாக உடைத்துவிடுகிறது. அது பிறையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளாது. மூன்று உறுப்புக்கும் ஒரே பெயர் இருப்பது விற்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது. செய்தியில் பெயர் தெளிவானால் விளம்பரத்தை நம்புவதும் குறையும்.

மூன்றையும் வெளியிலிருந்தே ஓரளவு பிரித்தறியலாம். முன் சிலுவை அறுந்தால், திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ ‘டப்’ என்று சத்தம் கேட்கலாம். ஓரிரு மணி நேரத்தில் முட்டி பொம்மென்று வீங்கும். உள்ளே கோத்திருப்பது இரத்தம். வலி குறைந்த பிறகும், திரும்பினால் கால் நழுவி மடங்கும். பிறைக்குருத்து மட்டும் கிழிந்தால் வீக்கம் மெதுவாக, பெரும்பாலும் மறுநாள்தான் வரும். வலி மூட்டின் இடுக்குக் கோட்டில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். குந்தி எழும்போதும் படுக்கையில் புரளும்போதும் குத்தும். குருத்தெலும்புத் தேய்மானத்தில் விபத்து எதுவும் நடந்திருக்காது. உட்கார்ந்து எழும்போது சற்று நேரம் விறைத்து, சில அடி நடந்ததும் தளரும். படி இறங்கும்போது வலிக்கும்.

உடனே மருத்துவரிடம் போகவேண்டிய ஒன்று, கால் பூட்டிக்கொள்வது. பிறை நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த பட்டை மூட்டின் நடுவில் போய் விழுந்துவிட்டால் காலை முழுதும் நீட்ட முடியாது. கடைசி 20, 30 பாகையில் ஏதோ தடுப்பதுபோல நிற்கும். வாளிக் கைப்பிடிக் கிழிசல் என்று இதற்குப் பெயர். வலியால் நீட்டப் பயப்படுவது வேறு, உள்ளே தடுத்து நிற்பது வேறு. இரண்டாவதாக இருந்தால் உருவவும் கூடாது, ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. பட்டை நசுங்கி நைந்துபோனால் தைக்கும் வாய்ப்பே போய்விடும்.

அதேசமயம், அறிக்கையில் கிழிசல் என்ற சொல் இருந்தாலே கத்தி என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 வயதைத் தாண்டிய 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. பிறையில் கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இல்லை. 2013இல் ஃபின்லாந்தில் 35 முதல் 65 வயதுவரையான 146 பேரிடம் நடந்த ஆய்வில், தேய்மானக் கிழிசலைக் கத்தரித்து எடுத்தவர்களுக்கும், துளை மட்டும் போட்டு எதையும் எடுக்காமல் விட்டவர்களுக்கும் ஓராண்டுக்குப் பிறகு வலி குறைந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடிபட்டுக் கிழிந்த இளைஞருக்கும், பூட்டிக்கொண்ட காலுக்கும் இது பொருந்தாது. நடுவயதைத் தாண்டியவருக்கு, மெல்ல நைந்த கிழிசலுக்கு, முதல் மூன்று மாதம் உடற்பயிற்சிதான் முதல் வைத்தியம்.

அறிக்கையில் கிரேடு 1, கிரேடு 2 என்று இருந்தால் பிறைக்குள் நிறமாற்றம் தெரிகிறது, அது மேற்பரப்பை எட்டவில்லை என்று பொருள். அது கிழிசலே அல்ல. மேற்பரப்பை எட்டியது கிரேடு 3, அதுதான் கிழிசல். சாதாரண எக்ஸ்ரேயில் பிறையோ குருத்தெலும்போ பிணைநாரோ தெரியாது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியே தெரியும். தேய்மானம் பார்ப்பதற்கு எடுக்கும் எக்ஸ்ரேயை நின்றுகொண்டு எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் எடை இறங்காததால் இடைவெளி இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

பயிற்சிக்கு வருகிறேன். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றக் காலின் முன்தொடைத் தசையை இறுக்கி, முட்டியை மடக்காமல் தரையிலிருந்து ஓரடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். 10 முறை ஒரு சுற்று. ஒரு நாளைக்கு 2 அல்லது 3 சுற்று. செய்கிறவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஓரடிக்கு மேல் தூக்கினால் வேலை தொடையிலிருந்து இடுப்புக்குப் போய்விடும். தசையை இறுக்காமல் தூக்கினால் முட்டி லேசாக மடங்கும், பயன் குறையும். மூச்சைப் பிடிக்கவும் கூடாது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பளு சுமார் நான்கு கிலோ குறைகிறது என்பதையும் தேய்மானம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. தலைப்பில் ஜவ்வு என்று போடுவதைத் தவிர்க்க முடியாவிட்டாலும், செய்தியின் முதல் பத்தியில் பிறைக்குருத்தா, பிணைநாரா, குருத்தெலும்பா என்று ஒரு சொல் சேர்க்கலாம். வலக்காலா இடக்காலா, உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதையும் எழுதலாம். வீரர் ஒருவர் காயமடைந்த செய்தியில் ‘முன் சிலுவைப் பிணைநார் அறுந்தது, மாற்று நார் வைத்துச் சீரமைத்த பிறகு ஆடுகளம் திரும்ப ஏறத்தாழ 9 மாதம் ஆகும்’ என்று இருந்தால், அதே காயத்தோடு ஊரில் உட்கார்ந்திருக்கும் கபடிப் பையன் ஆறாவது வாரத்தில் களத்தில் இறங்கத் துணிய மாட்டான். படம் போடும்போது முழங்காலை முன்பக்கத்திலிருந்து மட்டும் வரையாமல், தொடை எலும்பை நீக்கி மேலிருந்து பார்த்த படமும் ஒன்று போடுங்கள். பிறைகள் இரண்டும் முழு வடிவில் தெரிவது அதில்தான்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சி